புற்று இருக்கிறது சரி, பாம்பு எங்கே?

அப்பாவுக்கு என்ன நோய் என்று டாக்டர் சொன்ன அன்று அந்தச் சின்ன அறையில் நாங்கள் நான்கு பேரும் இருந்தோம். அப்பா, அம்மா, தம்பி, நான். டாக்டர் திரையில் இருந்த சி.டி. ஸ்கேன் படத்தைக் காட்டினார். கணையத்தின் தலைப்பகுதியில் ஒரு கட்டி இருக்கிறது, அது பித்தக்குழாயை அழுத்துகிறது, அதனால்தான் மஞ்சள் காமாலை, கல்லீரலிலும் மூன்று புள்ளிகள் தெரிகின்றன, திசுப் பரிசோதனையும் புற்றுநோய்தான் என்று உறுதி செய்துவிட்டது என்று நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி முடித்தார். யாரும் பேசவில்லை. அம்மாவின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது, அது வலித்தது, ஆனால் எடுக்கச் சொல்லத் தோன்றவில்லை.

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு, "புற்று இருக்கிறது சரி டாக்டர், பாம்பு எங்கே?" என்று கேட்டார்.

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்கலாமா கூடாதா என்று எங்கள் முகங்களைப் பார்த்தார். தம்பிதான் முதலில் சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். அப்பா அதோடு விடவில்லை. "கல்லீரலில் மூன்று புள்ளி என்றீர்களே, அது நல்ல செய்திதான். ஒரு புள்ளி வைத்தால் வாக்கியம் முடிந்தது. மூன்று புள்ளி வைத்தால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்" என்றார்.

இது புரிய வேண்டும் என்றால் அப்பாவின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அச்சகங்களுக்குப் புரூஃப் பார்த்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. நாற்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அதைத்தான் செய்தார். பாடநூல், நாவல், கல்யாணப் பத்திரிகை, மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாள், எது வந்தாலும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவார். வீட்டில் நாங்கள் எழுதி ஒட்டும் சீட்டில்கூட ஒற்று விடுபட்டிருந்தால் சேர்த்துவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு நகர்வார். எங்கள் வீட்டுச் சிரிப்பு எல்லாமே எழுத்தில் இருந்தும் சொல்லில் இருந்தும் வந்ததுதான். அதனால் நோய் வந்தபோது அவர் கைக்கு முதலில் எட்டிய ஆயுதம் அதுவாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆயுதம் என்ற சொல் அவருக்குப் பிடிக்காது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த நோய்க்குப் பெயர் பாம்பு. ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தால் "பாம்பு எத்தனை சென்டிமீட்டர்?" என்றுதான் தம்பி தொலைபேசியில் கேட்பான். "கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதையாக, நான் அறுபத்து நான்கு வருடம் பாடுபட்டு வளர்த்த உடம்பில் இவன் வாடகை இல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறான்" என்று அப்பா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். பார்க்க வந்த சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு நிலைமை புரியவில்லையா, இல்லை நீங்கள் யாரும் அவருக்குச் சொல்லவில்லையா?" என்று கேட்டார். எங்களுக்குள் அதிகமாக நிலைமை புரிந்தவர் அவர்தான் என்று அந்த அத்தைக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணமே அந்தக் கேள்விதான். சிரிக்கிற குடும்பத்தைப் பார்த்தால் உண்மையைப் பார்க்கப் பயந்து சிரிக்கிறார்கள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் நடந்தது அதற்கு நேர்மாறு. நேராகச் சொல்ல வாய் வராத விஷயங்களை நாங்கள் சிரிப்புக்குள் வைத்துத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். சாவு என்ற சொல்லை அந்தப் பதினோரு மாதத்தில் முதலில் சொன்னவர் அப்பா, அதுவும் ஒரு ஜோக்கில்தான். அதற்குப் பிறகுதான் எங்களாலும் அதைச் சொல்ல முடிந்தது.

கணையம் எங்கே இருக்கிறது என்றுகூட அதுவரை எனக்குத் தெரியாது. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், ஆழத்தில் இருக்கிறது. அதனால் அங்கே கட்டி வந்தால் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, பெரும்பாலும் பரவிய பிறகுதான் தெரிகிறது. அப்பாவுக்கு முதலில் வந்தது அரிப்பு. உடம்பு முழுக்க, இரவெல்லாம் சொறிந்துகொண்டே இருப்பார். பித்தம் வழி அடைபட்டு ரத்தத்தில் தேங்குவதால் வரும் அரிப்பு என்று பிறகு தெரிந்தது. சிறுநீர் கறுத்தது, கண் மஞ்சளானது. "பழைய புத்தகம் மாதிரி ஆகிவிட்டேன், பக்கம் எல்லாம் மஞ்சள்" என்றார். வாய் வழியாகக் குழாயை விட்டு, பித்தக்குழாயில் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சின்னக் குழலை வைத்த பிறகு அரிப்பு அடங்கியது, நிறம் மெல்ல மெல்லத் திரும்பியது. "மறுபதிப்பு" என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிக்கொண்டார்.

அந்த மருத்துவமனைக் குறிப்பில், நோயாளி நினைவோடு இருக்கிறார், ஒத்துழைக்கிறார் என்று ஒரு வரி இருந்தது. எல்லா நோயாளிக்கும் எழுதுகிற வரிதான். அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு, "ஒத்துழைக்கிறாரா? இதை யார் எழுதியது, அவரை நான் பார்க்க வேண்டும்" என்றார். அப்பா அன்றைக்குச் சிரித்தது போல அதற்கு முன்னும் பின்னும் சிரித்ததில்லை. தையல் எதுவும் இல்லாததால் நல்லதாகப் போனது. அந்தக் காகிதத்தை வெகுநாள் சட்டைப்பையில் வைத்திருந்தார். அம்மா ஏதாவது கோபித்துக்கொண்டால் எடுத்து நீட்டுவார், எழுத்துபூர்வமான ஆதாரம் என்று.

எவ்வளவு காலம் என்று கேட்டதும் அப்பாதான். நாங்கள் யாரும் கேட்க மாட்டோம் என்று அவருக்குத் தெரியும். டாக்டர் மழுப்பவில்லை. இந்த நிலையில், உடம்பு தாங்கும் என்றால் நான்கு மருந்துகள் சேர்ந்த ஒரு கீமோ கொடுக்கலாம், 2011-ல் வெளியான ஆய்வில் அதை எடுத்துக்கொண்டவர்களில் பாதிப் பேர் 11 மாதத்தைத் தாண்டினார்கள், பழைய மருந்து எடுத்தவர்களில் பாதிப் பேர் 7 மாதத்தைக்கூடத் தொடவில்லை என்று சொன்னார். பாதிப் பேர் என்றால் முன்பாதியும் இருக்கிறது, பின்பாதியும் இருக்கிறது, நீங்கள் எந்தப் பாதி என்று யாராலும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். "நான் பள்ளிக்கூடத்திலிருந்தே கடைசி பெஞ்சு டாக்டர், என்னைப் பின்பாதியில் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார் அப்பா. வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அம்மா, "11 மாதம் என்றால் அடுத்த பிறந்தநாள் வருமா?" என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். அப்பா அந்த விரல்களைப் பிடித்து மடக்கி வைத்துக்கொண்டார். அப்போது அவர் எதுவும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் ஜோக் சொன்னார் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

கீமோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மருத்துவமனையில் சில மணி நேரம், அப்புறம் ஒரு மருந்து மட்டும் சின்னப் பம்ப் வழியாக 46 மணி நேரம் மெதுவாக ஏறும், அதை இடுப்புப் பையில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். தூங்கும்போதுகூட அது பக்கத்திலேயே இருக்கும். அதை அப்பா கைக்குழந்தை என்பார். "மெதுவாகப் பேசுங்கள், இப்போதுதான் தூங்கியிருக்கிறது." ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து ஏறிய பிறகு சில நாள்களுக்குக் குளிர்ந்த எதையும் தொட முடியாது, விரல் நுனியில் ஷாக் அடித்தது போல இருக்கும், குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகும். அதனால் ஃபிரிட்ஜைத் திறக்கக் கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு நாள் நள்ளிரவில் சத்தம் கேட்டு நான் எழுந்து வந்து பார்த்தால், இருட்டில், கம்பளிக் குல்லாவும் கறுப்புக் கையுறையுமாக ஒருவர் ஃபிரிட்ஜுக்கு முன்னால் குனிந்து நிற்கிறார். நான் கத்திவிட்டேன். அவர் இரண்டு கையையும் உயரத் தூக்கி, "சுட்டுவிடாதே அம்மா, புள்ளைகுட்டிக்காரன்" என்றார். தம்பியும் அம்மாவும் எழுந்து வந்து, நான்கு பேரும் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். ஃபிரிட்ஜ் கதவை மூட யாருக்கும் தோன்றவில்லை. அந்த வெளிச்சத்தில் அப்பாவின் முகம் எவ்வளவு இளைத்துவிட்டது என்று நான் பார்த்ததும் அன்றுதான்.

கணையம் தன் வேலையைச் செய்யாததால் சாப்பாடு செரிக்க ஒவ்வொரு வேளையும் என்சைம் மாத்திரை போட வேண்டும். அந்த என்சைம் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. இது தெரிந்த நாள் முதல் சாப்பிட உட்கார்ந்தால் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி, "பன்றிக்கு நன்றி" என்று சொல்லிவிட்டுத்தான் வாயில் போடுவார். இதை அவர் வேடிக்கைக்காக ஆரம்பித்தாலும் போகப்போக அது வேடிக்கையாக மட்டும் இல்லை. உண்மையாகவே நன்றி சொன்னார் என்று நினைக்கிறேன். கடைசியில் நாங்களும் கூடச் சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டோம்.

ஒரு முறை எங்கள் கணக்கு தவறிப்போனது. ஆறாவது சுற்றுக் கீமோவுக்குப் பிறகு நான்கு நாள் அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு, வாயெல்லாம் புண். தம்பி ஊரிலிருந்து வந்தவன், உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல, "என்ன, பாம்பு படம் எடுத்து ஆடுகிறதா?" என்று கேட்டுவிட்டான். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "இன்றைக்கு வேண்டாம்டா" என்றார். இரண்டே சொல். தம்பி மாடிப்படியில் போய் உட்கார்ந்து இரவு வரைக்கும் எழுந்து வரவில்லை. அவனைக் குற்றம் சொல்ல முடியாது, அவனுக்கு அப்பாவோடு பேச வேறு மொழி தெரியாது. அன்றைக்கு எங்களுக்குள் ஒரு விதி வந்தது, யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மூவரும் கடைப்பிடித்தோம்: முதல் ஜோக்கை அப்பா ஆரம்பிக்க வேண்டும். அவர் ஆரம்பித்தால் எந்த எல்லைக்கும் போகலாம். ஆரம்பிக்கவில்லை என்றால் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம். இப்படி ஒரு வீட்டில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நோய் யாருடையதோ ஜோக்கும் அவருடையது. ஐந்தாவது நாள் காலையில், "அந்தப் பாம்பாட்டி எழுந்துவிட்டானா?" என்று அவரே தம்பியைக் கூப்பிட்டார்.

வந்தவர்கள் பலர் தைரியமாகப் போராடுங்கள், ஜெயித்து வருவீர்கள் என்று சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அவர்கள் போனதும், "நான் புரூஃப் பார்க்கிறவன், எனக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது. நாளைக்கு நான் செத்துப்போனால் சரியாகச் சண்டை போடாமல் தோற்றுவிட்டான் என்றா சொல்வார்கள்?" என்று கேட்டார். அவர் சாவைப் பற்றி எங்கள் முன்னால் சொன்ன முதல் வாக்கியம் இதுதான். அதில் இருந்த கேள்வி உண்மையான கேள்வி. நாங்கள் அன்றைக்கு அதற்கு உண்மையான பதில் சொன்னோம், யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், நாங்கள் சொல்ல விட மாட்டோம் என்று. பச்சிலையில் முழுதாகக் குணமான ஒருவரைத் தெரியும் என்று சொல்லி வந்தவர்களிடம் மட்டும், "அவரோடு ஒரு நிமிடம் பேச வேண்டுமே, எண் கொடுங்கள்" என்று பேனாவை எடுப்பார். கடைசி வரைக்கும் ஒரு எண்கூட வந்து சேரவில்லை.

எட்டாவது மாத ஸ்கேனில் மூன்று புள்ளி பலவாகியிருந்தது. கீமோவை நிறுத்திவிடலாம் என்று அப்பாதான் முடிவு செய்தார், டாக்டரும் அதுவே சரி என்றார். அதற்குப் பிறகு வலித் தணிப்புச் சிகிச்சை. முதுகுக்குப் பரவும் வலி, படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். அதனால் மேசையில் தலையணை வைத்து அதன் மேல் கவிழ்ந்தபடியே இருப்பார், பார்த்தால் புரூஃப் பார்க்கிற மாதிரியே இருக்கும். மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டதும் அம்மா பயந்தார், பழக்கமாகிவிடும், இல்லை கடைசிக் கட்டம் என்பதால்தான் தருகிறார்கள் என்று. வீட்டுக்கு வந்த செவிலியர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வலிக்கிறது என்று கேட்ட பிறகு கொடுப்பதல்ல, வலி திரும்புவதற்கு முன்பே கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும், கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து தர வேண்டும் என்று. இந்த முறையை உலகத்துக்குப் புரியவைத்தவர்களில் முக்கியமானவர் சிசிலி சாண்டர்ஸ், முதலில் செவிலியராகவும் பிறகு சமூகப் பணியாளராகவும் இருந்து, அதற்கப்புறம் டாக்டருக்குப் படித்து, 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற, சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லத்தைத் தொடங்கியவர். சாகிறவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் உறவிலும் நம்பிக்கையிலும் சேர்ந்தே இருக்கிறது, அதை முழு வலியாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் சொன்னது. அதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் முதுகுதான் ஞாபகம் வந்தது.

செவிலியர் தினமும், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்பார். அப்பா ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்து நழுவிவிடுவார். செவிலியரும் சிரித்து முடித்துவிட்டு, "நல்லாயிருக்கு ஐயா, இப்போ எண்ணைச் சொல்லுங்க" என்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். நாங்கள் வெறும் சிரிப்போடு நின்றுவிட்ட நாள்கள் இருந்தன, சிரிக்கிறார், அப்படியென்றால் வலி இல்லை என்று. அம்மாதான் கண்டுபிடித்தார். வலி கூடினால் ஜோக் நிற்காது, சின்னதாகிவிடும். வழக்கமாக நீட்டி முழக்கிச் சொல்கிறவர் ஒரே சொல்லில் முடித்துக்கொண்டால் மாத்திரை நேரத்தைப் பார்க்க வேண்டும். இதை அம்மா செவிலியரிடம் சொன்னார். அவர் அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

சிரிப்பு நோயைக் குணமாக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டி ஒரு மில்லிமீட்டர்கூட அதனால் குறையவில்லை. ஆனால் கூட்டமாகச் சிரித்த பிறகு வலியைத் தாங்கும் அளவு கூடுகிறது என்று ராபின் டன்பார் என்ற உளவியல் ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 2011-ல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அப்பாவோடு இருந்த எங்களுக்கு அது பெரிய புதுச் செய்தியாகத் தெரியவில்லை. தம்பி வந்து போகும் மாலைகளில் அவர் நிமிர்ந்து உட்கார்வதை நாங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்.

பத்தாவது மாதத்தில் ஒரு நாள் தாளும் பேனாவும் கேட்டு வாங்கி, தன்னுடைய மரண அறிவிப்பைத் தானே எழுதினார். மொத்தம் ஐந்து வரி. இரண்டு இடத்தில் மட்டும் கோடு போட்டு விட்டிருந்தார், தேதிக்கும் வயதுக்கும். பிறந்தநாளுக்கு இன்னும் சில வாரம் இருந்தது. "64-ஆ 65-ஆ என்பதைப் பாம்பு சொல்லும், நீ நிரப்பிக்கொள். மற்றதில் யாரும் கை வைக்கக் கூடாது. அச்சில் ஒரு ஒற்றுப் பிழை இருந்தாலும் எழுந்து வந்துவிடுவேன்" என்றார். அன்றைக்கு அவர் சொன்னதும் நான் சிரித்தேன். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைக்கும்போதுதான் கை நடுங்கியது.

65-வது பிறந்தநாள் வந்தது. அன்று பெரும்பாலும் தூங்கினார். அதற்கு அடுத்த வாரம், ஒரு மத்தியானம், நாங்கள் மூவரும் கட்டிலைச் சுற்றி இருந்தபோது கண்ணைத் திறந்து, கொஞ்சம் தெளிவாக, "ஒரு பாம்பு டாக்டரிடம் போனதாம்" என்றார். நாங்கள் மூவரும் குனிந்தோம். "போய்..." என்றார். உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது, முடிவு அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதை நினைத்துத்தான் சிரிக்கிறார். அப்படியே தூங்கிவிட்டார். எழுந்ததும் கேட்டோம். அவருக்கு ஞாபகம் இல்லை. அதற்குப் பிறகு அவர் முழு வாக்கியமாக அதிகம் பேசவில்லை.

கடைசி இரண்டு நாள் பேச்சே இல்லை. காது கேட்கும், பேசிக்கொண்டே இருங்கள் என்று செவிலியர் சொன்னார். சாகும் தறுவாயில் நினைவில்லாமல் இருப்பவர்களில் சிலருடைய மூளைகூட ஒலிக்கு இன்னும் பதில் தருகிறது என்று பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் மூளை அலைகளைப் பதிவு செய்து 2020-ல் வெளியிட்டிருக்கிறார்கள் என்பதைப் பிறகு படித்து எனக்கு நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் நாங்கள் அந்த இரண்டு நாளும் வாயை மூடவில்லை. ஒத்துழைக்கிறார் என்ற காகிதத்தை அம்மா எடுத்து வந்து அவர் காதருகே படித்தார். தம்பி எல்லாப் பழைய ஜோக்கையும் சொன்னான்.

மூச்சு மாற ஆரம்பித்தது. வேகமாகச் சில மூச்சு, அப்புறம் குறைந்து, அப்புறம் நின்றுவிடும். இருபது, முப்பது நொடி எதுவும் இருக்காது. நாங்களும் மூச்சை நிறுத்திக்கொண்டு காத்திருப்போம். பிறகு பெரிதாக ஒரு மூச்சை இழுத்து மறுபடி ஆரம்பிப்பார். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பா தரையில் படுத்துச் செத்துப்போன மாதிரி நடிப்பார். மூச்சை அடக்கிக்கொள்வார். தம்பி அழுகிற அளவுக்குப் போய், உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டுவான், அப்போது அப்பா வெடித்துச் சிரித்து எழுவார். அன்று இரவு, மூன்றாவது முறையோ நான்காவது முறையோ மூச்சு நின்றபோது, நாற்பது வயதைத் தொடப்போகிற என் தம்பி கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் அப்பாவின் உள்ளங்காலில் விரலை வைத்தான். கால் ஜில்லென்று இருந்தது. அந்த நேரம் பார்த்து அப்பா மூச்சு இழுத்தார். நாங்கள் மூவரும் சிரித்தோம். அழுகையும்தான், எது எங்கே முடிந்து எது ஆரம்பித்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. விடியற்காலையில் நின்ற மூச்சு திரும்ப வரவில்லை. தம்பி மறுபடி கால் பக்கம் போகவில்லை.

அறிவிப்பை நானே அனுப்பினேன். வயது 65 என்று நிரப்பினேன். மற்ற எதிலும் கை வைக்கவில்லை. ஆனால் அச்சாகி வந்தபோது "அன்புக் கணவர்" என்று அப்பா எழுதியிருந்தது "அன்பு கணவர்" என்று வந்திருந்தது. க் இல்லை. தம்பிதான் பார்த்தான். என்னிடம் நீட்டினான். வீடு நிறைய ஆள்கள், நடுவில் அப்பா. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அப்பாவைத் திரும்பிப் பார்த்தோம். உண்மையிலேயே காத்திருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நொடி, இரண்டு நொடி. அவர் எழுந்து வரவில்லை. அப்போது எங்களுக்கு வந்த சிரிப்பை வாயைப் பொத்தியும் அடக்க முடியவில்லை. அந்த அத்தை முறைத்தார். அம்மா என்ன என்று கேட்டு, தாளை வாங்கிப் பார்த்து, எழுந்து போய் அப்பாவின் மேசையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து வந்து க் போட்டார். அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க உட்கார்ந்திருந்தார்.

அப்படிச் சிரித்தது எனக்கு வெகுநாள் உறுத்திக்கொண்டே இருந்தது. துணையை இழந்து 6 மாதம் ஆனவர்களிடம் டாச்சர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனானோ என்ற இரண்டு உளவியலாளர்கள் பேசிப் பார்த்து 1997-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு பிறகு கண்ணில் பட்டது. போனவரைப் பற்றிப் பேசும்போது கண்ணும் சேர்ந்து சிரிக்கிற மாதிரி சிரித்தவர்களுக்குத் துயரத்தின் அழுத்தம் குறைவாக இருந்ததாம். சரி, அது அவர்கள் ஆய்வு. என் உறுத்தலை உண்மையில் போக்கியது அதுவல்ல, அம்மா சொன்ன ஒரு விஷயம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு அம்மா சொன்னார். அப்பா இரவில் அழுவாராம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், சில நாள் விடியும்வரை. பயமாக இருக்கிறது என்பாராம். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்தப் பதினோரு மாதமும் நாங்கள் உண்மையைப் பேசினோம் என்று நம்பிக்கொண்டிருந்தேன், இவ்வளவு பெரிய உண்மை எனக்குத் தெரியாமல் பக்கத்து அறையில் நடந்திருக்கிறது. "அப்படியென்றால் எங்களிடம் சிரித்தது நடிப்பா?" என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "இல்லைடி. நீங்கள் யாரும் இல்லாத நாளில் அவருக்கு அழுகைகூட வராது. சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். உங்களோடு சிரித்துவிட்டு வந்த நாளில்தான் என்னிடம் அழ முடிந்தது" என்றார்.

அதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது.

அப்பாவின் 66-வது பிறந்தநாள் அன்று காலையில் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. "ஒரு பாம்பு டாக்டரிடம் போனதாம். போய், டாக்டர் டாக்டர், எனக்குப் புற்று இருக்கிறது என்றதாம். டாக்டர், அப்புறம் என்ன, வீடு கட்டுகிற செலவு மிச்சம், சந்தோஷமாகப் போ என்றாராம்."

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இது இல்லை, அப்பா இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பார்" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "அவனை அடுத்த வருடம் வேறு எழுதச் சொல்லு" என்றார்.